ஆம்ப் இல்லாத பேஸிஸ்ட்டுக்கு முதல் பெடல்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கோம். திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் வெட்டியிருக்கோம்.)

போன மாசம் வந்த மெசேஜ்ல பாதி ஒரே கேள்விதான். "அண்ணா, செகண்ட் ஹேண்ட்ல ஒரு பேஸ் கிட்டார் வாங்கிட்டேன். முதல் மல்ட்டி-எஃபெக்ட்ஸ் எது வாங்கலாம்?" தண்டையார்பேட்டையிலிருந்து ஒருத்தர், எண்ணூர்ல இருந்து ரெண்டு பேரு, மணலியில இருந்து ஒரு தங்கச்சி. ஆச்சரியமா இருந்துச்சு. நான் ஆரம்பிச்சப்ப எங்க ஏரியாவுல பேஸ் வாசிக்கிறவங்களை ஒரு கை விரல்ல எண்ணிடலாம், அதுலயும் மூணு பேரு ஒரே சர்ச்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு குழப்பத்தை முடிச்சுடறேன். பேஸ்னா நம்ம கிட்டார். பாஸ்னா ஜப்பான் கம்பெனி, பெடல் பண்றவங்க. இன்னிக்கு ரெண்டும் மாறி மாறி வரும், காதைத் தீட்டி வச்சுக்கோங்க. மல்ட்டி-எஃபெக்ட்ஸ்னா கம்ப்ரசர், டிஸ்டார்ஷன், கோரஸ், வா, டிலே எல்லாத்தையும் தனித்தனி டப்பாவா வாங்காம ஒரே பெட்டிக்குள்ள வச்சிருக்கறது. கிட்டாரையும் ஸ்பீக்கரையும் இணைக்கிற வழியில இது நடுவுல உக்காரும்.

எந்த மாடல்னு நேரா சொல்லிடலாம். ஆனா நான் முதல்ல வாங்கினது தப்பான பெட்டி. அந்தக் கதையைச் சொல்லாம மாடல் பேரு மட்டும் சொன்னா நீங்களும் அதே தப்பைத்தான் பண்ணுவீங்க.

எனக்கு பேஸ் சொல்லிக்கொடுத்தது ராயபுரத்துல எங்க சர்ச்ல வாசிச்ச ஒரு அண்ணன். வாரம் முழுக்க ஹார்பர்ல வேலை, ஞாயித்துக்கிழமை காலைல பேஸ். எஃபெக்ட்ஸ்னா அவருக்கு பேஸ்ல இருக்கிற டோன் குமிழ் மட்டும்தான். வயர் நேரா மிக்ஸருக்குப் போகும். அவர் திடீர்னு தவறிப்போனாரு. அண்ணி அந்த பேஸை என்கிட்ட கொடுத்தாங்க, "வீட்ல வச்சா துருப்பிடிச்சுடும் தம்பி, நீ வாசி"ன்னு.

முதல் வருஷ நினைவு நாளுக்கு கல்மண்டபம் பக்கத்துல தெருவுல பந்தல் போட்டு ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் சேர்ந்து கானா வச்சாங்க. சட்டி, டோலக், ஒரு கீபோர்டு, ரெண்டு பாட்டுக்காரங்க. நான் பேஸ். அண்ணனுக்காக வாசிக்கிறோம், சும்மா போய் நிக்கக்கூடாதுன்னு, அம்மா கட்டிக்கிட்டிருந்த சீட்டை எடுத்து அதுல 9,500 ரூபாய்க்கு ஒரு பழைய மல்ட்டி-எஃபெக்ட்ஸ் வாங்கினேன். நூறுக்கும் மேல எஃபெக்ட். கால் வைக்க பெரிய பெடல். லைட்டெல்லாம் எரியும். வித்தவர் "பேஸுக்கும் ஓடும் தம்பி"ன்னாரு. ஓடுச்சு. கிட்டாருக்குன்னு பண்ணின பெட்டியில பேஸை சொருகினாலும் சத்தம் வரத்தானே செய்யும்.

ரெண்டு வாரம் ராத்திரி பூரா ஹெட்போன்ல உக்காந்து பேட்ச் பண்ணேன். அடியில நல்ல கனம், மேல பளபளப்பு, கொஞ்சம் டிஸ்டார்ஷன். ஹெட்போன்ல கேட்டா எனக்கே புல்லரிக்கும். அன்னிக்கு ராத்திரி ரெண்டு மணி நேரம் வாசிச்சேன். முடிஞ்சதும் அண்ணனோட பொண்ணு, எட்டாவது படிக்குது, கிட்ட வந்து கேட்டுச்சு: "அப்பாவோட பேஸ் எடுத்துட்டு வந்தீங்களே அண்ணா, ஏன் வாசிக்கல?"

(கொஞ்ச நேரம் மௌனம்.)

வாசிச்சேன்மா, கேக்கலன்னு எப்படிச் சொல்றது?

சரி. ஏன் கேக்கல? இதைப் புரிஞ்சுக்கிட்டா பாதி ஷாப்பிங் முடிஞ்ச மாதிரி.

கிட்டாரோட அடி கம்பி, ஈ, திறந்து அடிச்சா 82 ஹெர்ட்ஸ். பேஸோட அடி கம்பி அதுக்கு ஒரு ஆக்டேவ் கீழ, 41 ஹெர்ட்ஸ். அடுத்தது ஏ, 55. கிட்டார் டிஸ்டார்ஷன் பண்றவங்க வேணும்னே கீழ்ப்பக்கத்தை வெட்டுவாங்க, இல்லன்னா சத்தம் சேறு மாதிரி குழம்பிடும். கிட்டாருக்கு அது சரி. அதே இடத்துலதான் பேஸ் குடியிருக்கு. கிட்டார் டிரைவை ஆன் பண்ண அந்த நிமிஷமே என் வீட்டை நானே இடிச்சுட்டேன்.

இன்னொண்ணு நான் பண்ண பேட்ச். ராத்திரி மெதுவான சத்தத்துல கேக்கும்போது நம்ம காதுக்கு அடி சத்தம் குறைவாத்தான் விழும். அதனால அடியைக் கூட்டுவோம். நடு சத்தம், அதாவது மிட்ஸ், கொஞ்சம் அசிங்கமா தெரியும், அதைக் குறைப்போம். இப்ப தெருவுக்கு வாங்க. மைக் செட் பாக்ஸ் எல்லாம் பேச்சுக்கும் பாட்டுக்கும் பண்ணது. 41 ஹெர்ட்ஸை அதால ஒழுங்காத் தள்ள முடியாது. நான் கூட்டி வச்ச அடி ஸ்பீக்கர்ல செத்துப்போச்சு. ஸ்பீக்கர் நல்லாத் தர்ற மிட்ஸை நானே வெட்டி வச்சிருந்தேன். மிச்சமிருந்த இடத்துல சட்டியும் டோலக்கும் உக்காந்திருந்துச்சு. பேஸுக்கு நிக்க இடமே இல்ல.

அப்ப 80கள்ல டீக்கடை ரேடியோவுல இளையராஜா பாட்டு கேட்டவங்க எல்லாம் பேஸ் லைனை எப்படி முணுமுணுத்தாங்க? உள்ளங்கை அளவு ஸ்பீக்கர். சசிதரன் சார் வாசிச்ச பேஸ் அதுலயும் தனியா தெரியும். ஒரு நோட்டு அடிச்சா 41 ஹெர்ட்ஸ் மட்டும் வராது. 82, 123, 164ன்னு மேல மேல ஹார்மானிக்ஸும் வரும். அடி நோட்டு ஸ்பீக்கர்ல வராட்டியும், மேல இருக்கிற ஹார்மானிக்ஸை வச்சு நம்ம மூளை அதைக் கணக்குப் போட்டு நிரப்பிக்கும். போன் ஸ்பீக்கர்ல பேஸ் கேக்கறதும் இதாலதான். அதனால பேஸ் கேக்கணும்னா ஹார்மானிக்ஸ் வேணும், மிட்ஸ் வேணும். நல்ல பேஸ் டிரைவ் இந்த வேலையைத்தான் பண்ணுது: அடியைத் தொடாம மேல கொஞ்சம் முறுக்கு சேர்க்குது. அதுக்கு அந்த எஃபெக்ட்ல பிளெண்ட்னு ஒரு செட்டிங் இருக்கணும். சுத்தமான சத்தம் ஒரு பக்கம், முறுக்கின சத்தம் ஒரு பக்கம், எது எவ்வளவுன்னு நீங்க கலக்கணும். இது இல்லாத பெட்டியை பேஸுக்கு வாங்காதீங்க.

ரெண்டாவது விஷயம், வெளிநாட்டு யூட்யூப் வீடியோக்கள்ல சொல்ல மாட்டாங்க. அவங்க எல்லாருமே பின்னாடி ஒரு பேஸ் ஆம்ப் வச்சிருப்பாங்க. நம்ம கதை வேற. சர்ச், கோயில் திருவிழா, கல்யாணம், காலேஜ் கல்ச்சுரல்ஸ், எங்க போனாலும் வயரை வாங்கி நேரா மிக்ஸர்ல சொருகுவாங்க. ஆம்ப் வாங்க காசு இல்ல, வாங்கினாலும் ஷேர் ஆட்டோல ஏத்த முடியாது. அப்ப உங்க முதல் மல்ட்டி-எஃபெக்ட்ஸ்தான் உங்க ஆம்ப். ட்யூனரும் அதான். ராத்திரி பதினொரு மணிக்கு பக்கத்து வீட்டு சுவர் ஒட்டின ரூம்ல பிராக்டீஸ் பண்றதுக்கும் அதான். கோரஸ், ஃபிளாஞ்சர் எல்லாம் அப்புறம் வர்ற ஜாலி.

அதனால கடையில பெட்டியைப் பார்த்தா முதல்ல பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்க. எக்ஸ்.எல்.ஆர் அவுட், அதாவது மைக் வயர் மாதிரி மூணு கால் சாக்கெட் இருக்கா? இருந்தா நேரா மேடை வயர்ல போடலாம், தூரம் போனாலும் இரைச்சல் ஏறாது. இல்லன்னா நடுவுல டி.ஐ. பாக்ஸ்னு ஒண்ணு வேணும். மைக் செட்காரர் கொண்டுவருவாருன்னு நம்பாதீங்க, சொந்தமா ஒண்ணு வாங்கிடுங்க, அந்தக் காசையும் சேர்த்து பட்ஜெட் போடுங்க.

இப்ப மாடலுக்கு வரேன். விலை மாசா மாசம் மாறுது, அதனால சொல்லல.

ஜூம் பி1 ஃபோர். நான் ரெண்டாவதா வாங்கினது, இன்னும் ஓடுது. ஒரே நேரத்துல அஞ்சு எஃபெக்ட் போடலாம். பேஸ் ஆம்ப் மாடல்கள் இருக்கு, ட்யூனர், ரிதம், லூப்பர் இருக்கு. ஆக்ஸ் இன் இருக்கு, போன்ல பாட்டைப் போட்டு கூடவே வாசிக்கலாம். பென்சில் பேட்டரி நாலு போட்டா போதும். குறையும் சொல்றேன். எக்ஸ்.எல்.ஆர் கிடையாது. ஹெட்போனுக்குத் தனி சாக்கெட் கிடையாது, அவுட்புட்லயே கன்வர்ட்டர் போட்டு சொருகணும். கால் ஸ்விட்ச் ரெண்டுதான், ஒண்ணு மேல போக, ஒண்ணு கீழ வர. பாட்டு நடுவுல நாலு பேட்ச் தள்ளிப் போகணும்னா டான்ஸ் ஆடணும். வேணுங்கறதை பக்கத்துல பக்கத்துல அடுக்கிக்கோங்க. எக்ஸ்பிரஷன் பெடல் வேணும்னா பி1எக்ஸ் ஃபோர்னு அதோட அண்ணன் இருக்கு. பெரும்பாலானவங்களுக்கு வேணாம்.

கொஞ்சம் கூட செலவு பண்ண முடியும்னா பாஸ் ஜிடி-1பி. இதுவும் பேட்டரியில ஓடும், எக்ஸ்பிரஷன் பெடல் கூடவே வருது, ஹெட்போன் சாக்கெட் தனியா இருக்கு. முக்கியமா யூ.எஸ்.பி வழியா கம்ப்யூட்டர்ல சொருகி நேரா ரெக்கார்ட் பண்ணலாம். பி1 ஃபோர்ல யூ.எஸ்.பி இருக்கு, ஆனா அதுல சத்தம் போகாது. வீட்ல ரெக்கார்ட் பண்ற ஆளா இருந்தா இந்த ஒரு வித்தியாசத்துக்கே காசு கொடுக்கலாம். இதுலயும் எக்ஸ்.எல்.ஆர் இல்ல.

செகண்ட் ஹேண்ட்ல பழைய ஜூம் பி3 கிடைச்சா கண்ணை மூடிக்கிட்டு இல்ல, கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டு வாங்குங்க. அதுல எக்ஸ்.எல்.ஆர் அவுட், கிரவுண்ட் லிஃப்ட் ரெண்டும் இருக்கு. அப்புறம் வந்த பி3என்ல அதை எடுத்துட்டாங்க. பேரு பார்க்க ஒரே மாதிரி இருக்கும், அந்த 'என்' எழுத்தைக் கவனிங்க.

வேலெட்டன், நக்ஸ் மாதிரி சைனா கம்பெனிகளோட கிட்டார் பெட்டிகள் சிலதுல இப்ப பேஸ் ஆம்ப் மாடலும் வச்சுத் தர்றாங்க. கிட்டார் பெட்டின்னா எல்லாமே குப்பைன்னு நான் சொல்ல வரல. பேஸை எடுத்துட்டுப் போய் அடி ஈ கம்பியை அடிங்க. டிரைவை ஆன் பண்ணுங்க, ஆஃப் பண்ணுங்க. ஆன் பண்ணும்போது வயித்துல இருந்து சத்தம் காணாமப் போச்சுன்னா பெட்டியைத் திருப்பிக் கொடுத்துட்டு நன்றி சொல்லிட்டு வாங்க.

எங்க போய் அடிச்சுப் பாக்கறது? நம்ம பக்கத்துல இருந்து மவுண்ட் ரோடு இப்ப சுலபம். 2021ல மெட்ரோ விம்கோ நகர் வரைக்கும் வந்துடுச்சு, திருவொற்றியூர் தேரடியில ஏறினா வண்டி மாறாம அண்ணா சாலை. அங்க மியூசி மியூசிகல் இருக்கு. 1842ல மிஸ்க்வித் கம்பெனின்னு ஆரம்பிச்ச கடை அது. உள்ள போக கூச்சமா இருக்கும், எனக்கும் இருந்துச்சு. கால்ல செருப்பு, கையில பிளாஸ்டிக் கவர்ல பேஸ். எந்தக் கடையா இருந்தாலும் சரி, வாங்க வந்திருக்கோம், கேட்டுப் பார்க்க உரிமை இருக்கு. உங்க பேஸை உங்களோட எடுத்துட்டுப் போங்க, கடையோட விலை ஜாஸ்தியான பேஸ்ல எல்லாப் பெட்டியும் நல்லாத்தான் கேக்கும்.

கரண்ட் விஷயம். இதுல நான் காசை இழந்திருக்கேன். அந்த முதல் பெட்டியை வித்துடலாம்னு இருந்தேன். அடாப்டர் காணோம். வீட்ல கிடந்த வைஃபை ரவுட்டர் அடாப்டரை எடுத்து சொருகினேன், பின் கச்சிதமாப் போச்சு. லேசா ஒரு வாசனை. அவ்ளோதான். பெரும்பாலான பெடலுக்கு 9 வோல்ட், நடுவுல மைனஸ். ரவுட்டர் அடாப்டர் பெரும்பாலும் 12 வோல்ட், நடுவுல பிளஸ். அடாப்டர் மேல ஒரு வட்டம், புள்ளி போட்டு சின்னப் படம் இருக்கும். பெட்டியில இருக்கிற படமும் அதுவும் ஒண்ணா இருக்கணும். சீட்டுக் காசு 9,500, ஒரு செகண்ட்ல. அம்மாகிட்ட ஆறு மாசம் சொல்லவே இல்ல.

அடுத்தது ஹம். 'ம்ம்ம்'னு ஒரு இரைச்சல் வருதே, அது நம்ம வீட்டுக் கரண்ட். 50 ஹெர்ட்ஸ். வேடிக்கை என்னன்னா ஈ கம்பியில மூணாவது ஃபிரெட், ஜி நோட்டு, 49 ஹெர்ட்ஸ். அதாவது தமிழ்நாடு மின்சார வாரியமும் உங்களோட சேர்ந்து கிட்டத்தட்ட ஜி வாசிக்குது, கொஞ்சம் சுருதி விலகி. (சிரிப்பு.) நாய்ஸ் கேட் போட்டா நீங்க வாசிக்காதப்ப அது அடங்கும். ஆனா கம்பியைத் தொட்டா மட்டும் ஹம் நிக்குதுன்னா, இல்ல மைக்ல உதடு பட்டா சுருக்குன்னு இழுக்குதுன்னா, விளையாடாதீங்க. எர்த் சரியில்லன்னு ஒரு சந்தேகம் வரணும். பந்தல்ல நிறைய இடத்துல எர்த் கிடையாது. ஹம் போகணும்னு பிளக்ல இருக்கிற எர்த் பின்னை உடைக்கிற ஆளுங்களை நான் பார்த்திருக்கேன். தயவுசெஞ்சு அதைப் பண்ணாதீங்க, உயிர் போற வேலை அது. எர்த்தைத் துண்டிக்கணும்னா அதுக்குத்தான் டி.ஐ. பாக்ஸ்ல கிரவுண்ட் லிஃப்ட்னு ஸ்விட்ச் இருக்கு, அது சிக்னல் வயரோட கிரவுண்டை மட்டும் பிரிக்கும். பந்தல்னா நான் பெட்டியை பேட்டரியிலதான் ஓட்டறேன். ஜெனரேட்டர் மாத்தும்போது கீபோர்டு செத்துப் பொழைக்கும், என் பெட்டி பாட்டுக்கு இருக்கும்.

அப்புறம் உப்புக் காத்து. காசிமேட்டுல இருந்து எண்ணூர் வரைக்கும் இரும்புன்னு ஒண்ணு இருந்தா அதுக்குத் துரு உண்டு. பேஸ் கம்பி மட்டுமில்ல, பெட்டியோட ஜாக் உள்ள கூட பூக்கும். காத்து புகாத டிபன் டப்பா ஒண்ணு, உள்ள ஷூ பாக்ஸ்ல வர்ற சிலிக்கா ஜெல் பாக்கெட் நாலு. என் பெட்டி தூங்கறது அங்கதான்.

வாங்கினதும் என்ன பண்றது? கம்பெனி போட்ட பேட்ச் எல்லாம் கடையில விக்கறதுக்காகப் பண்ணது. ஒரு நாள் கேட்டு ரசிச்சுட்டு விட்டுடுங்க. நான் வச்சிருக்கிறது மூணுதான். ஒண்ணுல கம்ப்ரசர், ஈக்யூ, ஒரு பேஸ் ஆம்ப் மாடல். கம்ப்ரசர் மெல்ல அடிச்ச நோட்டையும் ஓங்கி அடிச்ச நோட்டையும் பக்கத்துல கொண்டுவரும், மைக் செட் அண்ணனுக்கு நிம்மதி. ரெண்டாவதுல அதே செட்டிங், கூட லேசா டிரைவ், பாதி பிளெண்ட். மூணாவதுல ஆக்டேவ், கீழ ஒரு நோட்டு சேரும். குத்துப் பாட்டுல ரெண்டு இடத்துல மட்டும் மிதிப்பேன். மூணுக்கும் சத்தம் ஒரே அளவா இருக்கணும், இதை நிறைய பேரு பாக்கறதே இல்ல. மிட்ஸ் 400ல இருந்து 800 ஹெர்ட்ஸ் வரைக்கும் கொஞ்சம் தூக்குங்க. தனியா கேட்டா மூக்கடைச்ச மாதிரி இருக்கும். சட்டி, டோலக்கோட கேளுங்க, அப்பதான் அது சரியா உக்காரும்.

கானாவுக்கு பேஸ் எதுக்குன்னு கேக்கறவங்க இன்னும் இருக்காங்க. 2018 ஜனவரி 6, கீழ்ப்பாக்கத்துல தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல் கச்சேரி. கானா பாடகர்களும் பறையும் சட்டியும் ஒரு பக்கம், எலக்ட்ரிக் கிட்டாரும் டிரம்ஸும் ஒரு பக்கம், எல்லாம் ஒரே மேடை. அந்த வீடியோவை நல்ல ஹெட்போன்ல ஒரு தடவை, போன் ஸ்பீக்கர்ல ஒரு தடவை கேளுங்க. தோல் வாத்தியத்துக்குப் பக்கத்துல பேஸ் எங்க நிக்குதுன்னு தேடுங்க. பத்து டெமோ வீடியோ பாக்கறதை விட அது உபயோகம்.

ரெண்டாவது வருஷ நினைவு நாளுக்கும் பந்தல் போட்டாங்க. அதே தெரு, அதே மைக் செட். நான் சாயங்காலமே போய், நீளமான வயர் போட்டு, தெரு முனை வரைக்கும் நடந்து நின்னு கேட்டு மிட்ஸ் வச்சேன். முதல் பேட்ச் மட்டும்தான், ராத்திரி முழுக்க. அண்ணி பின்னாடி சேர்ல உக்காந்திருந்தாங்க. ரெண்டாவது பாட்டுல நிமிர்ந்து பார்த்தாங்க, அப்புறம் பொண்ணைக் கூப்பிட்டு காதுல ஏதோ சொன்னாங்க. என்ன சொன்னாங்கன்னு நான் கேட்டுக்கல.

கடைசியா மணலி தங்கச்சி கேட்ட கேள்வி: செகண்ட் ஹேண்ட்ல வாங்கும்போது என்ன பாக்கணும்? எல்லா சுவிட்சையும் இருபது தடவை மிதிம்மா, ரெண்டு தடவைக்கு ஒரு தடவை மட்டும் வேலை செஞ்சா வேணாம். வயரை சொருகிட்டு ஜாக்கை லேசா ஆட்டிப் பாரு, கரகரன்னா பேரம் பேசு. பேட்டரி மூடியைத் திறந்து பச்சையா பூத்திருக்கான்னு பாரு. ஃபேக்டரி ரீசெட் பண்ணச் சொல்லு. ஒரிஜினல் அடாப்டர் இருக்கான்னு கேளு. இல்லன்னா ரவுட்டர் பக்கம் மட்டும் போகாதே.

பேஸ் கம்பி எவ்வளவு நாளைக்கு ஒரு தடவை மாத்தணும்னு நாலு பேரு கேட்டிருக்கீங்க. அது அடுத்த வாரம்.